மாம்பூவில் திருநீறு

வேதா: கைய எடுங்கண்ணா, தொடாதீங்க! நேத்து கிளைய இழுத்தவர ஜனங்க இன்னா திட்டு திட்டினாங்க தெரியுமா?

சகாதேவன்: என் மரத்த நான் தொடக்கூடாதா, வேதா?

வேதா: இப்ப அது உங்க மரமா? கிரிவலம் வர்றவங்க மரம். மஞ்சத் துணி கட்டறாங்க, கற்பூரம் காட்டறாங்க... கீழ என் டீக்கடையிலயும் கூட்டம் ஜாஸ்தி.

சகாதேவன்: உனக்கு வியாபாரம், எனக்கு வயித்தெரிச்சல். பூ மேல வெள்ளையா படிஞ்சிருக்கே, அது திருநீறு இல்லம்மா. சாம்பல் நோய்.

வேதா: நோயா?

சகாதேவன்: பூஞ்சணம். பனிக்காலத்துல வரும். பூவெல்லாம் கருகி உதுந்துடும். எண்பத்திரெண்டுலேர்ந்து மூணு வருஷமா ஒரு பிஞ்சு கூட நிக்கல. பின்னால இருக்கிற இருபது மரத்துக்கும் பரவிடும்னுதான்...

வேதா: தைப் பௌர்ணமி அன்னைக்குப் போய் கோடாலிக்காரன வரச்சொன்னீங்க.

சகாதேவன்: சொன்னேன். வந்து பாத்தா மரத்தச் சுத்தி கும்பல்! "திருநீறு பூத்த மரம், கோடாலி வெச்சா சும்மா விடமாட்டோம்"னு ஒரே சத்தம். அவன் ஓடினவன்தான்.

வேதா: சிரிப்பு வருதுண்ணா...

சகாதேவன்: சிரி, சிரி. வேற வழியில்லாம விவசாய ஆபீசுக்குப் போனேன். "எதுக்குய்யா வெட்டற? கந்தகத் தூள் வாங்கு. காலையில பூவுல பனி ஈரம் இருக்கறப்பவே தூவு. பதினஞ்சு நாளைக்கு ஒருதரம்"னாரு ஆபீசரு.

வேதா: அதுக்கு இந்த ஜனங்க விடணுமே?

சகாதேவன்: ஜனங்க எழுந்து வர்றதுக்கு முன்னாலயே...

வேதா: இருங்க, இருங்க... வெடியக்காலத்துல யாரோ இந்த மரத்துக்கு மஞ்சத்தூள் அபிஷேகம் பண்றாங்கனு பேசிக்கறாங்களே!

சகாதேவன்: மெதுவா பேசும்மா!

வேதா: அப்ப அது மஞ்சத்தூள் இல்லயா?

சகாதேவன்: கந்தகம். மல்லுத்துணியில முடிஞ்சு, கழி நுனியில கட்டி, தட்டித் தட்டி விட்டேன். ரெண்டு தரம் ஆச்சு. மத்த மரத்துக்கும் போட்டுட்டேன். ஒரு வெளியூர் சாமியாரு பாத்துட்டு என் கால்ல விழப்போனாரு.

வேதா: அய்யோ! அதையும் எடுத்து நெத்தியில பூசிக்குவாங்களே?

சகாதேவன்: அதான் பயம். கண்ணுல பட்டா எரியும். கைக்கு எட்டற பூவையெல்லாம் ஒடிச்சு எரிச்சிட்டேன். உயரத்துலதான் தூவறேன்.

வேதா: பலன் உண்டா?

சகாதேவன்: அந்த மேக்கால கிளையப் பாரு... இலைக்கு நடுவுல.

வேதா: எங்க... அட! பிஞ்சு! பட்டாணி சைசுல! எவ்ளோண்ணா!

சகாதேவன்: இன்னொரு தரம் தூவிட்டா நின்னுடும். அன்னைக்கு வெட்டியிருந்தா இந்தப் பிஞ்சு ஏது, வேதா? இனிமே வெட்டற பேச்சே கெடையாது.

வேதா: நெசமாத்தான் சொல்றீங்களா?

சகாதேவன்: சத்தியமா. ஆனா முதமுதல்ல திருநீறுனு கெளப்பிவிட்டவன் எவன்னு மட்டும் தெரிஞ்சா...

வேதா: ஒதைப்பீங்களா?

சகாதேவன்: ஒதைக்கறதா! மொதல் கூடை மாம்பழம் அவனுக்குத்தான்.

வேதா: அப்ப கூடைய நம்ம கடையிலயே எறக்கிடுங்கண்ணா. அந்தக் கோடாலிக்காரன் எங்கிட்டதான் டீ குடிச்சுக்கினே எந்த மரம்னு கேட்டான். இந்த நிழலும் போனா நான் எங்க போவேன்... கையும் ஓடல, காலும் ஓடல. ரோட்டுல போனவங்களக் கூப்பிட்டு, மேல கைய காட்டிட்டேன்.