மஞ்சள் கவரில் ஒரு பெயர்

— அந்தக் கோழிகள மொதல்ல அவுத்து விடும்மா வெள்ளைத்தாயி. அதுகளப் பாக்கப் பாக்க எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிடுது.

— அவுத்து விட்டா அது அது வந்த வீட்டுக்கே ஓடிப்போயிரும் உபதேசியாரையா. நேத்து மத்தியானத்துல இருந்து மூணு கோழி, ஒரு கட்டு முருங்கக்கா, ஒரு தூக்குச்சட்டி பால் வந்திருக்கு. பால நேத்தே பாயசம் வச்சுட்டேன். ஒரு கிளாசு குடிக்கீகளா?

— எனக்கு எறங்குமாம்மா? எல்லாம் நான் பண்ணுன கூத்து.

— நீங்க என்ன பண்ணுனீக? கோயில்ல நின்னு காணிக்கைக் கவர வாசிச்சீக.

— அதாவது வந்து, வாசிச்சதோட நிறுத்தியிருந்தாப் பரவால்லயே. ஜெபம் கேக்குறவுக வெள்ளக் கவருல போடுவாக, நன்றி சொல்றவுக மஞ்சக் கவருல போடுவாக. உன் கவரு மஞ்சக் கவரு. காரணம்னு அச்சடிச்ச எடத்துல 'மாசிலாமணி'ன்னு உன் வீட்டுக்காரன் பேரு மட்டும் இருந்துச்சு. பதினோரு மாசமாக் காணாமப் போன ஆளு பேரு நன்றிக் கவருல வந்தா நான் என்னன்னு நெனைக்க? சந்தோசத்துல, 'நம்ம சகோதரன் மாசிலாமணி வீடு வந்து சேர்ந்ததற்காக ஸ்தோத்திரம்'னு மைக்குல சொல்லிப்புட்டேன்.

— சபையே கை தட்டுச்சே ஐயா.

— அத ஞாபகப்படுத்தாத. கை தட்டுன அத்தன பேரும் இங்க வந்து பாத்துட்டு, ஆளக் காணமேன்னு இப்ப என் வீட்டு வாசல்ல நிக்காக. உபதேசியாரு மைக்கப் பிடிச்சுப் பொய் சொல்லிட்டாருன்னு பேச்சு. அதாவது வந்து, வாற ஞாயித்துக்கெழம டவுனுல இருந்து குருவானவரு ஐயரு வாராரு. ராப்போசன ஆராதனை. நான் எந்திரிச்சு, 'தப்பா அறிவிச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க'ன்னு சபை முன்னால சொல்லிருதேன்.

— அது ஒண்ணும் வேண்டாம்.

— வேண்டாம்னா எப்படிம்மா? பொய்யாவுல்ல நிக்குது?

— நீங்க பொய் சொல்லலையே. உங்களுக்குத் தோணுனதச் சொன்னீக.

— சரி, ஒண்ணு கேக்கேன். கவரு கை மாறிப் போச்சா? வெள்ளைக்குப் பதிலா மஞ்சள எடுத்துட்டயா?

— பாத்துத்தான் எடுத்தேன். பதினோரு மாசமும் வாரந் தவறாம வெள்ளக் கவருதான் போட்டேன். நீங்களே அலுத்துக்கிட்டு வாசிப்பீக, எனக்குத் தெரியாதாக்கும். இந்த வாரம் வெள்ளக் கவரு மேல கை போகல. அவுக உசுரோட இருக்காகன்னு தெரிஞ்சுபோச்சு. அது போதாதா நன்றி சொல்ல?

— உசுரோட இருக்கானா? ஸ்தோத்திரம், ஆண்டவரே ஸ்தோத்திரம். போன் வந்துச்சா? எங்க இருக்கானாம்?

— அதுக்கு மேல எங்கிட்டக் கேக்காதீக.

— சரி, சரி. கேக்கல. வெயிலு உச்சிக்கு வந்துருச்சு, உள்ள போயி உக்காந்து ஒரு ஜெபம் பண்ணுவமா?

— உள்ள மிளகா வத்தல் மூடைய அடுக்கிப் போட்ருக்கேன், நெடி தாங்க மாட்டீக. வேப்பமரத்தடியிலயே இருங்க. இங்க இருந்து ஜெபம் பண்ணாலும் அவருக்குக் கேக்கும்.

— உன் வாயி மட்டும் மாறவே இல்ல. இத்தன கஷ்டத்துலயும் இந்தப் பேச்சு எங்க இருந்தும்மா வருது?

— நீங்க வேற. மொத மாசம் ஒரு பேச்சும் வரல. கருவேல வெறகு வெட்டிக் கரிமூட்டம் போடுற எடத்துக்கு வேலைக்குப் போனேன். புகையில கண்ணு எரியிறது மாதிரிக் காட்டிக்கிட்டு நல்லா அழுதுக்கிடலாம், ஒருத்தரும் கேக்க மாட்டாக. ஜெபம் பண்ணணும்னு உக்காந்தா வார்த்தை வராது. அப்பத்தான் சனிக்கெழமைக்குச் சனிக்கெழம கோயில் கூட்ட வந்தேன். பெஞ்சத் தொடைக்கயில, ஆம்பளைக பக்கம் நாலாவது பெஞ்சுல, சன்னலோரமா அவுக உக்காருற எடத்த ரெண்டு தரம் தொடைப்பேன். அவ்வளவுதான் எஞ் ஜெபம்.

— நான் பாத்திருக்கேன். அழுக்கு போகலையோன்னு நெனச்சேன்.

— தொடச்சுட்டு வீட்டுக்கு வரயில மனசு லேசா இருக்கும். எடத்தத் தொடச்சு வச்சா ஆளு வருவாக, இல்லையா? விருந்தாளுக்குப் பாய விரிக்கிறது மாதிரி. அந்த நம்பிக்கையில வாரம் ஓடிரும். பட்டினியும் கெடந்திருக்கேன், இல்லேங்கல. ஆனா ஒரு நாளும் நான் தனியா இருக்கேன்னு தோணல ஐயா. அத வாய்விட்டுச் சொல்லணும்.

— கர்த்தர் உன்னையக் கைவிடல.

— நேத்து எத்தன பேரு வந்தாகன்னு நெனைக்கீக? அன்னைக்கிப் பரளச்சி வெலக்கு ரோட்டுல அவுக ஓட்டுன லோடு ஆட்டோ கவுந்தப்ப அவுகள அடிக்க வந்த அதே ஆளுக. நேத்துக் கோழியோட வந்து, 'மாசிலாமணி எங்க, மொகத்தப் பாக்கணும்'னு நின்னாக. வீரசோழன் ஊரு வத்தல் யாவாரி ஒலி முகம்மது பாய் போன் போட்டு, 'வத்தல் லோடு கெடக்கு, அவரு வந்துட்டாருன்னு கேள்விப்பட்டேன், வண்டிய எடுக்கச் சொல்லுங்க'ங்காரு. வண்டி கவுத்துனவுகள நம்பி மறுபடி லோடு குடுக்காக பாருங்க.

— ஊரு மறந்துருச்சும்மா. ஆனாலும் மிளகா எடுக்கப் போற பொம்பளைகளப் பதினாறு பேரு வரைக்கும் அந்தச் சின்ன வண்டியில ஏத்துனது தப்புத்தான்.

— தப்புத்தான். அவுகளும் இல்லேன்னு சொன்னதில்ல. மத்தவுக சிராய்ப்போட எந்திரிச்சாக. பெத்தம்மா மதினிக்கு மட்டும் முழங்காலுக்குக் கீழ காலையே எடுக்க வேண்டியதாப் போச்சு. அன்னைக்கி ஆசுபத்திரி வாசல்ல இருந்து போனவுகதான் இவுக.

— நேத்து பெத்தம்மா வந்தாளா?

— அவுக வரல.

— வருவா, வருவா.

— ஊரு பூரா வந்தாலும் அவுக மனசு எறங்காம எம் புருசன் இந்தத் தெருவுல தலை நிமுந்து நடக்க மாட்டாக ஐயா. எனக்கு அது நல்லாத் தெரியும். கோழி எத்தன வந்தாலும் அதுக்கு ஈடாகாது.

— அதாவது வந்து, அங்க பாரும்மா. தெரு முக்குல கட்டைய ஊணிக்கிட்டு வாரது யாரு?

— மதினியா? ஆண்டவரே.

— நான் போயிருதேன். எனக்கு வசவு வாங்கத் தெம்பு இல்ல.

— இருங்க ஐயா. தனியா விட்டுட்டுப் போகாதீக. மதினி, வாங்க. இந்த உரலு மேல உக்காருங்க.

— உக்கார வரல. ஏத்தா வெள்ள, எங்க அவன்? வெளிய வரச் சொல்லு.

— பெத்தம்மா, அதாவது வந்து, மாசிலாமணி வரல. நான்தான் கவரப் பாத்துட்டு மிஞ்சிப் பேசிட்டேன். தப்பு எம்மேலதான்.

— வரலையா? இம்புட்டுத் தூரம் நான் கட்டைய ஊணிக்கிட்டு வந்திருக்கேன், வரலையா? ராத்திரி பூரா என்ன சொல்லணும்னு யோசிச்சு வச்சிருந்தேன்.

— எங்கிட்டச் சொல்லுங்க மதினி. வையணும்னாலும் வைங்க.

— உன்னைய எதுக்குடி வைய? சரி, வந்த காலோட சொல்லிட்டுப் போறேன். உபதேசியாரும் கேக்கட்டும், சாட்சிக்கு ஆகும். கேட்டியா, அன்னைக்கி அவன் என்னைய ஏத்தல.

— என்ன மதினி சொல்லுதீக?

— 'அக்கா, எடமில்ல, அடுத்த நடைக்கு வாரேன், நிழல்ல நில்லுங்க'ன்னான். எனக்குப் பொறுக்கல. பிந்திப் போனா நல்ல செடியெல்லாம் மத்தவளுக எடுத்துருவாளுகன்னு, வண்டி நகரயில பின்னால ஓடிப்போயிக் கதவுல தொத்துனேன். அவனுக்குத் தெரியாது. ஆசுபத்திரியில ஊருக்காரவுக, 'உன்னையும் சேத்தா திணிச்சு ஏத்துனான்'னு கேட்டாக. காலு போன ஆத்திரம். ஆமான்னு தலைய ஆட்டிட்டேன். அவன் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான்.

— எங்கிட்டக்கூட அவுக சொல்லலையே மதினி.

— சொல்ல மாட்டான். காலு போனவ பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசக் கூடாதுன்னு போயிட்டான். நான் ஒரு தலைய ஆட்டுனதுக்குப் பதினோரு மாசம்.

— ஏன் பெத்தம்மா இத முன்னமே சொல்லல?

— எந்த வாயி வச்சுச் சொல்ல? மாசாமாசம் ராப்போசனத்துக்கு நான் பலிபீடத்துக்கிட்ட வாரதில்லையே, முட்டி போட முடியாமன்னு நெனச்சீக. ஐயரு எரக்கப்பட்டு பெஞ்சுக்கே அப்பத்தையும் கிண்ணத்தையும் கொண்டாந்தாரு. வேண்டாம்னு மொகத்தத் திருப்பிக்கிட்டேன்ல? காலுக்காக இல்ல உபதேசியாரே. ஒருத்தன் குடியக் கெடுத்த பொய்ய மனசுல வச்சுக்கிட்டு அந்தக் கிண்ணத்துல வாய் வைக்க எனக்குத் தைரியம் இல்ல.

— ஐயோ, நான் இத்தன நாளு வேற மாதிரில்ல நெனச்சேன்.

— நேத்து நீங்க மாசிலாமணி வந்துட்டான்னு சொன்னீக. எல்லாரும் கை தட்டுனாக. நான் அழுதேன். துக்கத்துல இல்ல. செத்துருவேனோ, அவன் காதுல இதச் சொல்லாமலே செத்துருவேனோன்னு பயந்து கெடந்தவ நானு. ஆண்டவரு எனக்காகத்தான் அவனக் கொண்டாந்து விட்டுட்டாருன்னு நெனச்சேன்.

— அது தப்பான அறிவிப்பா முடிஞ்சு போச்சே பெத்தம்மா.

— தப்போ, சரியோ. அது இல்லேன்னா இந்த வாயி தெறந்திருக்குமா? அந்த மஞ்சக் கவருக்கு நானும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கிடுதேன். வாற ஞாயித்துக்கெழம நானே எந்திரிச்சு சபை முன்னால சொல்லுவேன். ஆனா மொதல்ல அவன் வாயால, 'சரிக்கா, விடுங்க'ன்னு ஒரு சொல்லு கேக்கணும்னு ஆசப்பட்டேன். கொடுத்து வைக்கல. ஏத்தா, நீயாவது என்னைய மன்னிச்சுரு.

— மதினி, அழாதீக. இப்ப நான் எம்புட்டுச் சந்தோசமா இருக்கேன்னு உங்களுக்குத் தெரியாது. மூணு கோழிக்கும் முப்பது பேருக்கும் மேல நீங்க வந்தது பெருசு. ஆண்டவரே, நன்றி. வேற என்னன்னு சொல்லுவேன்.

— சரி, நான் போறேன். அந்தக் கட்டைய எடு.

— நான் பிடிச்சுக்கிடுதேன் பெத்தம்மா.

— நீங்களே காத்தடிச்சா ஆடுற ஆளு. என்னையப் பிடிச்சு ரெண்டு பேரும் விழவா? விடுங்க, பழகிப்போச்சு.

— மதினி, செத்த நில்லுங்க. போகாதீக. என்னால இதுக்கு மேல சொல்ல முடியாது, சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். ஆனா ஒரு நிமிசம் நில்லுங்க.

— யாருக்குடி சத்தியம் பண்ணிக் குடுத்த?

— எனக்குத்தான்க்கா. வெள்ளிக்கெழமையே வந்துட்டேன், உங்க மொகத்துல முழிக்கப் பயந்துதான் இந்த வீட்டுக்குள்ளயே கெடந்தேன். சரிக்கா, விடுங்க, கட்டைய அவகிட்டக் குடுத்துட்டு எங் கையப் பிடிங்க, வீடு வரைக்கும் நான் கூட வாரேன்.