தொட்டில் போகட்டும்

கடைய எடுத்துடறேன் தம்பி, எடுத்துடறேன். கமிட்டி பேட்ஜைக் குத்திக்கிட்டு நீங்க விசில் ஊதினா உடனே எழுந்து ஓடறதுக்கு நான் என்ன மாடா? பெரிய தேரு இன்னும் நெலையவிட்டே கெளம்பல. வேண்டிப் பொறந்த புள்ளைங்களக் கரும்புல தொட்டில் கட்டி அப்பனும் ஆத்தாளும் தூக்கிக்கிட்டு வராங்க பாருங்க, அதுங்க மட்டும் போவட்டும். அதுல ஒரு தொட்டில நான் பாத்தாவணும். இந்த எடத்த விட்டா கும்பல்ல ஒண்ணும் தெரியாது.

உக்காருங்க. அந்தப் பொட்டி மேல வேணாம், அரக்கு இருக்கு, வேட்டில ஒட்டிக்கும்.

ஆமா, எல்லாம் நானே கடைஞ்சதுதான். பம்பரம், மத்து, கிலுகிலுப்பை, பொண்ணுங்க வெளாடற சொப்பு. ஆசாரியா? அட நீங்க ஒண்ணு. நான் ரயில்வேல பார்சல் கிளார்க்கு. ரிட்டயர் ஆன அன்னிக்கு ஒரு மாலையப் போட்டு, ஒரு சுவர்க் கடியாரத்தக் கையில குடுத்து அனுப்பிட்டாங்க. வூட்ல உக்காந்து அந்தக் கடியாரத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். பைத்தியம் புடிக்கறாப்பல ஆயிடுச்சு. அப்பதான் கீழ்பென்னாத்தூர்ல சுப்பிரமணி ஆசாரி பார்வை மங்கிப்போயி கடைசல் மிஷின வித்தாரு. வாங்கிப் போட்டேன். மொதல்ல ஒலக்கை கடைவோம்னு ஆரம்பிச்சா மத்தா வரும், மத்து கடைஞ்சா பல்லு குத்தற குச்சியா வரும். இந்த வெரல்ல நகம் இல்ல பாருங்க, உளி வாங்கிக்கிச்சு. கேக்கறவங்ககிட்ட சர்க்கஸ் புலி கடிச்சதுன்னு சொல்லிடுவேன். ஆனா மரம் சுத்தறப்ப அரக்குக் குச்சிய வெச்சு அழுத்துவோம் தம்பி, சூட்டுல உருகி செவப்பு ஏறும். அன்னிக்குப் பூரா வேற நெனப்பே வராது. ரயில்வே எனக்கு அதக் குடுக்கல.

இந்தப் பம்பரத்தோட அண்ணன் ஒண்ணு இருந்துச்சு. போன பௌர்ணமிக்கு இங்க விட்டேன். ஜனங்களோட சேந்து கிரிவலம் போயி, அடி அண்ணாமலைல ஒரு டீக்கடை வாசல்ல கொஞ்சம் எளைப்பாறிட்டு, விடிய வந்து சேந்துச்சு. காலெல்லாம் புழுதி.

சிரிங்க, சிரிங்க. எல்லாரும் சிரிச்சுட்டுத்தான் வாங்கறாங்க. எம் பொய்ய எவனும் நம்பினது கெடையாது. எம்புள்ளைக்கும் இந்த வாய் வந்திருக்கு, ஆனா அவன் சொன்னா ஊரு நம்பிடுது. பேன்ட் போட்டுக்கிட்டு சொல்றான் இல்ல.

சக்கரபாணின்னு பேரு. வேலூர்ல பேங்க் ஆபீசரு. போன தீபத்துக்கு அவன் மேனேஜரோட இந்தப் பக்கம் வந்தான். நான் சாக்கு விரிச்சு வாம்மா வாய்யான்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன். பாத்தான். செருப்பு அறுந்தாப்பல குனிஞ்சான் பாருங்க, அப்படியே குனிஞ்சுக்கிட்டே அந்தத் தெருவத் தாண்டிட்டான். அறுபது அடி. எனக்குக்கூட முதுகு வலிச்சுச்சு.

சம்பந்தி ரைஸ் மில்லுக்காரரு, பெரிய எடம். மாப்பிள்ளையோட அப்பன் தெருவுல பம்பரம் விக்கறான்னு தெரிஞ்சா கௌரவம் கம்மியாயிடுமாம். திருடினா கம்மியாவும், சரி. கடைஞ்சு வித்தா எப்படிப்பா கம்மியாவும்னு கேட்டேன். உனக்குப் புரியாதுப்பான்னான். மருமவ முழுவாம இருக்கறப்ப பாத்துக்கப் போன எம் பொண்டாட்டி தங்கம்மா திரும்பி வரவே இல்ல. அவளும் அந்தக் கட்சி ஆயிட்டா. பேரன் பொறந்து பல்லே மொளைச்சுடுச்சாம். நான் மொகம் பாக்கல. போன வாரம் பாணி வந்தான். அவன் மாமனாரு தொட்டில் வேண்டுதல் வெச்சிருக்காராம். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கடை போடாதப்பா, வூட்டு வாசலுக்குக்கூட வராதப்பான்னு கைய புடிச்சுக்கிட்டான்.

அதனாலதான் விடியறதுக்கு முன்னாலயே வந்து போட்டேன். டேய் பாணீன்னு ஒரு கூப்பாடு போடப் போறேன், தேரு வடம் புடிக்கறவன்கூடத் திரும்பிப் பாக்கணும். எம் பேரன இப்படிக் காட்டுடான்னு, அந்த ரைஸ் மில்லுக்காரரு முன்னாலயே...

அதோ. பச்சைப் புடவைல தொட்டில். முன்னால கரும்பத் தோள்ல வெச்சுக்கிட்டு வரான் பாருங்க, அவன்தான். பின்னால மருமவ. கொடை புடிச்சுக்கிட்டு வர்றது தங்கம்மா. எளைச்சுட்டா. பாத்துட்டா, பாத்துட்டா... தரையப் பாக்கறா. கொழந்தையோட காலு மட்டும் வெளிய தெரியுது, கொலுசு போட்டிருக்காங்க. மொகம் தெரியல. இப்படித் திரும்பினா தெரியும். பாணியும் பாத்துட்டான். கரும்ப அந்தத் தோளுக்கு மாத்திக்கிட்டான். தொட்டில் அந்தப் பக்கம் சாஞ்சிடுச்சு.

இல்ல தம்பி. கூப்பிடல. நீங்களும் கூப்பிடாதீங்க, அந்த விசில எடுங்க வாயிலேருந்து.

பட்டுச் சட்டை போட்டுக்கிட்டு, நமக்கு முதுகக் காட்டி நின்னு, மலையப் பாத்துக் கும்பிடறாரே, அவருதான் சம்பந்தி. சாமியக் கும்பிடல. என்னத்தான் கும்பிடறாரு. நான் மேல ஒரு குகைல மௌன சாமியா உக்காந்திருக்கேன்னு பாணி சொல்லி வெச்சிருக்கான். யாருகிட்டயும் பேச மாட்டேனாம், யாரும் வந்து பாக்கவும் கூடாதாம். பேரன் பொறந்ததே என் தவத்தாலதான்னு, சாப்பாட்டுக்கு முன்னால எம் போட்டோவுக்குக் கற்பூரம் காட்டறாராம் அந்த மனுஷன். இங்கேருந்து பாருங்க, கண்ணத் தொடைச்சுக்கறாரு.

போயிட்டாங்க. சரி, அந்தச் சாக்கோட முனைய இப்படிப் புடிங்க.