சாலம்மாள் எடுத்த இலை

முதுகுவலிக்காரர்களை எல்லாம் ஒரே பந்தலில் கூட்டிவிட்ட இந்த அவையின் தலைவர், மருத்துவர் சுசித்ரா அவர்களே! முன்வரிசையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! களை பறித்த கையை இடுப்பில் ஊன்றிப் பின்னால் நிற்கும் தாய்மார்களே! அரூர் வாழ் அன்பு நெஞ்சங்களே! குனிந்து வணங்க ஆசைதான், இடுப்பு இடம் தராது. நிமிர்ந்தபடியே வணங்குகிறேன், இண்டூர் தர்மன்.

என்ன தம்பி? உட்கார்ந்து பேசச் சொல்கிறீர்களா? வாசிப்பால் பேச்சாளர் ஆனவர்கள் உண்டு. வாய்ஜாலத்தால் ஆனவர்கள் உண்டு. நான் உட்கார முடியாத வலியால் ஆனவன். நிற்கிறவனுக்கு மரியாதை தரும் இடம் ஊரில் மேடை ஒன்றுதான். அதனால் ஏறினேன்.

நின்று உண்டேன். நின்று படித்தேன். என் மனைவி இறந்த அன்று வந்தவர்கள் எல்லாம் அமர்ந்திருக்க, நான் ஒருவன் நின்றேன். "கல்லு மாதிரி நிக்கறாரு பாரு" என்றார்கள். காயத்துக்குக் கட்டு உண்டு, காய்ச்சலுக்குச் சூடு உண்டு. முதுகுவலிக்கு என்ன அடையாளம்? ஸ்கேன் எடுத்தால் "பெருசா ஒண்ணுமில்லீங்க" என்கிறார்கள். அது ஒன்றுமில்லை என்றால், என்னை ஒன்றுமில்லாதவனாக ஆக்கியது எது?

எனக்கு ஒரே ஒரு நண்பர். ஆரோக்கியராஜ், இந்த ஊர் தாலுகா அலுவலகத்தில் வேலை. நான் இங்கே தமிழாசிரியராக இருந்தபோது, பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் நின்றே வளர்ந்த நட்பு அது. அங்கே எல்லோருமே நிற்பார்கள், என் நிற்றல் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. வலியைப் பற்றி அவரிடமும் நான் சொன்னதில்லை.

அவர் புதுவீடு கட்டினார். பாதிரியார் வந்து வீட்டை மந்திரித்து ஆசீர்வதித்தார். விருந்து. அவருடைய அம்மா சாலம்மாள், தம் கையாலேயே எனக்கு இலை போட்டார்கள். நான் நின்றேன்.

"உக்காருங்க சார்" என்றார்கள்.

"இடுப்பு வலிங்கம்மா. கீழ உக்கார முடியாதுங்க."

"சேர் போடச் சொல்றங்க."

"சேர்லயும் முடியாதுங்கம்மா. நின்னுக்கிட்டே சாப்புடறங்க, குடுங்க."

அந்தத் தாய் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "எங்க வூட்ல யாரையும் நிக்க வெச்சுச் சோறு போடறதில்லீங்க. நாங்க நின்னு வாங்குனது போதும்" என்று சொல்லி, இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

வாசல் வரை வந்த ஆரோக்கியராஜ் சொன்னார்: "உங்க ஆளுங்களுக்கு எங்க வூட்டுக்கு வந்தாத்தான் ஏதாவது ஒரு வலி வருதுங்க, தர்மண்ணா."

அவர் சொன்னதிலும் பொய்யில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி அது போன்ற வாசல்களில் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பியவர்கள் எத்தனை பேர்? விரதம் என்று சொல்லி வெளியே வந்து பிரியாணி தின்றவர்கள் எத்தனை பேர்? என் சொந்தக்காரர்கள், என் தெருக்காரர்கள்! அத்தனை பொய்களுக்கும் பின்னால் என் உண்மை ஒன்று போய் நின்றது. யார் நம்புவார்கள்? அன்றிலிருந்து தேநீர்க் கடையில் நான் தனியாகத்தான் நின்றேன்.

வேலை முடிந்து இண்டூருக்கே திரும்பினேன். மாத்திரை தின்றேன், பயிற்சி செய்தேன், கடைசியாகச் சேலத்தில், இதோ தலைமை வகிக்கும் இந்த மருத்துவரிடம் போனேன். என்ன சொன்னார் தெரியுமா? "போட்டுலினம்னு ஒரு நஞ்சு இருக்குங்க ஐயா. கெட்டுப்போன சாப்பாட்டுல வளர்ற கிருமியோட விஷம். ரொம்பச் சின்ன அளவுல, இறுகிக் கெடக்கற தசையில போட்டா அது தளரும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டன். கேட்டாலும் மூணு நாலு மாசந்தாங்க." தொண்டையில் நஞ்சை நிறுத்திய இறைவனைப் பற்றி வகுப்பெடுத்தவன் நான். முதுகில் நஞ்சை வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பேருந்தில் இடம் இருந்தது, சற்று நேரத்தில் எழுந்துவிடலாம் என்றுதான் அமர்ந்தேன். தொப்பூர்க் கணவாயில் லாரிகள் வரிசைகட்டி நிற்க, எங்கள் வண்டியும் நின்றது. அப்போதுதான் உறைத்தது. சேலத்திலிருந்து உட்கார்ந்தே வந்திருக்கிறேன்! சொல்வதற்காகப் பக்கத்தில் திரும்பினேன். இருக்கை காலி. சிரிப்பதற்குப் பதில் அழுதுவிட்டேன்.

மறுநாளே அரூரில் ஆரோக்கியராஜ் வீட்டுக்குப் போனேன். போனதும் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தேன். அமர்ந்த பிறகுதான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். சாலம்மாள் மாலை போட்ட படமாக இருந்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல யார் இருந்தார்கள்?

"சோறு போடு ஆரோக்கியம்" என்றேன்.

போட்டார். நான் உட்கார்ந்திருந்தேன், அவர் நின்றிருந்தார். குழம்பு ஊற்றியபடி கேட்டார்: "அன்னிக்கு நீங்க சொன்னது நெசந்தானாண்ணா?"

"நெசம்."

"இத எங்கம்மாகிட்ட யாருண்ணா சொல்றது?"

அந்தச் சோற்றை, அன்பர்களே, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் உண்டேன்.

இண்டூரிலிருந்து என் ஊர்க்காரர்களும் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். இல்லாத வலியைச் சொல்லிச் சொல்லி, இருந்த வலியை அனாதையாக்கியது யார்? இறுகிய தசைக்கு ஊசி வந்துவிட்டது. இறுகிய மனத்துக்கு எந்த மருத்துவர் ஊசி போடுவார்? இனி எவர் வீட்டு இலையின் முன்னும் பொய் வலி சொல்லாதீர்கள். எவராவது வலிக்கிறது என்று சொன்னால், நம்புங்கள். மருந்து பிறகு வரட்டும், நம்பிக்கை முதலில் வரட்டும்!

ஊசி போட்டு நான்காவது மாதம் நடக்கிறது. இரண்டு நாளாக இடுப்பில் பழைய வலி எட்டிப் பார்க்கிறது. இந்தக் கூட்டத்துக்கு ஆரோக்கியராஜை அழைத்திருந்தேன். முன்வரிசையில் அவருக்காகப் போட்ட நாற்காலி, அதோ, இன்னும் காலியாக இருக்கிறது. கீழே இறங்கி அதன் பக்கத்து நாற்காலியில் அமரப் போகிறேன். இடுப்பு விடும் வரை அமர்ந்திருப்பேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம்.