பாதி மெட்டு

மாலை ஆறு மணி கடந்த நேரம். ஆற்றோரச் சாலை. ஒரு பக்கம் பூட்டிய கிடங்குகள், மறுபக்கம் நீர்... நடுவே ஒரே ஒரு கார். நல்ல மழை. காருக்குள் என் தோழியும் அவளுடைய அக்காவும்.

இது எனக்கு நேர்ந்ததன்று. அந்தத் தோழி சொல்லக் கேட்டது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. உண்மையை அழகுபடுத்தவும் வராது. அதனால்தான் நம்பினேன். கடைசியில் இருப்பவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். இன்னொன்று... நான் முடிக்கும்வரை எவரும் சீட்டி அடிக்க வேண்டாம். அடிப்பவர் இன்றிரவு வெளியே படுத்துக்கொள்ளலாம்.

அக்காவுக்கு அடுத்த மாதம் திருமணம். மாப்பிள்ளை மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. பாதி வாழ்க்கை காரில். காரின் பின்புறம் முழுக்க மருந்துப் பெட்டிகள். எறும்புக்குக்கூட ஒதுங்கி வழிவிடுவார் என்று வீட்டில் பேச்சு. வாத்தியம் எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனால் அழகாகச் சீட்டி அடிப்பார். அக்காவிடம் தம் மனத்தைத் திறந்த அன்று, சொற்கள் தடுமாறியதால், அவளுக்காகவே போட்டதென்று ஒரு மெட்டை அடித்துக் காட்டினாராம். அக்கா கவிழ்ந்தது அந்த மெட்டில்தான்.

பிறகொரு நாள், தங்கள் வீட்டுச் சமையலறையில், அவரை மறுபடி அடிக்கச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டாள். தோழி பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சீட்டி ஏறும். இறங்கும். மறுபடி ஏறுகையில் ஓரிடத்தில் மூச்சு வெடுக்கென்று உள்ளே இழுபட்டு... நின்றுவிடும். “அப்புறம்?” என்று அக்கா கேட்பாள். “அவ்வளவுதான்” என்பார் அவர். அக்காவின் சிரிப்பு. பதிவு முடிந்துவிடும். இந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணத்தன்று மாலையில் ஒரு முழு வாத்தியக் குழு அந்த மெட்டை வாசிக்க வேண்டும். அவர் திகைத்து நிற்க வேண்டும். இது அக்காவின் ஆசை. பழைய காலத்து ஜாஸும் ஸ்விங்கும், அந்தக் காலத்துக் கோட்டும் தொப்பியுமாக வாசிக்கும் குழு ஒன்று ஊரில் இருந்தது. அப்பாவுக்குத்தான் மனமில்லை.

“பாட்டுதானே? ஒரு ஸ்பீக்கர எடுத்து வச்சா போதும். ஸ்பீக்கர் சாப்பிடாது. இவங்க அத்தன பேரும் ரெண்டு பந்தியில உக்காருவாங்க.”

அப்பாவை அக்கா வென்றாள். மகள்கள் வெல்லும் முறையில்: இரண்டு நாள் பேசாமலிருந்து.

அன்று மழையில் காரில் இருவரும் போனது குழுவின் ஒத்திகைக் கூடத்துக்கு; அது அந்த ஆற்றோரச் சாலையில் ஒரு கிடங்கின் மாடியில் இருந்தது. மேலே தகரக் கூரை. பித்தளைக்குப் போடும் எண்ணெயின் வாசனை, ஈரக் கம்பளியின் வாசனை... இரண்டுக்கும் அடியில் மெல்லியதாக ஆற்றுச் சேற்றின் வாசனை. முன்வரிசையில் ஒரு நாற்காலி காலி. அதன்மேல் ஒரு கிளாரினெட். பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளரில் நீர். நீருக்குள் விரலளவு நாணல் சீவல். அதைத்தான் கிளாரினெட்டின் வாய்ப்புறத்தில் பொருத்துவார்கள். நனைந்திருந்தால்தான் நாதம் வரும்.

யாருக்காக நனைத்து வைத்திருக்கிறார்கள் என்று தோழி கேட்டாள். குழுத் தலைவர் ஒரு டிரம்பெட்காரர். பகலில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் நிதானமாகச் சொன்னார். கிளாரினெட்காரர் இறந்துபோனார். கீழே இருக்கும் இதே சாலையில். ஒத்திகை முடிந்து நடந்து போகையில் ஏதோ ஒரு கார் மோதிவிட்டுப் போய்விட்டது. அன்றும் மழை. காலையில்தான் பார்த்தார்கள். எந்தக் கார் என்று இன்றுவரை தெரியாது.

குழுவில் ஒரு வழக்கம் உண்டாம். பாட்டின் நடுவே அவர் தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்தால், வேறெவரும் அதை வாசிப்பதில்லை. பாஸும் டிரம்ஸும் மட்டும் தாளத்தை நடத்திச் செல்லும். மற்றவர்கள் காத்திருப்பார்கள். அவருக்குரிய நேரம் கடந்ததும் சேர்ந்துகொள்வார்கள்.

“அவன் இடத்த நாங்க நிரப்புறதில்லம்மா. அதுக்குச் சம்மதம்னாதான் வருவோம்.”

அக்கா சம்மதித்தாள். பிறகு கைப்பேசியை எடுத்துப் பதிவை ஒலிக்கவிட்டாள்.

டிராம்போன்காரர் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. எவரும் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. கூரைமேல் மழை மட்டும்.

“இது யாரு போட்ட மெட்டு?” என்றார் டிரம்பெட்காரர்.

“எங்க அவரு. எனக்காகவே போட்டது.”

“அவருக்கு இந்த ரோடு பழக்கமா?”

“அவரு கார் போகாத ரோடு ஏது சார்?” அக்கா பெருமையாகச் சிரித்தாள்.

அவர் தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவைக்கு மேல் துடைத்தார். வாசிப்பதாக ஒப்புக்கொண்டார். ஆனால் இந்த மெட்டிலும் கிளாரினெட்டுக்கு ஓர் இடம் விடுவோம் என்றார். இறந்தவருக்குச் செய்யும் மரியாதை என்று அக்கா எடுத்துக்கொண்டாள்.

திருமண நாளின் மாலை வந்தது. மண்டபம் நிறைய விளக்குகள். மேடையில் குழு, வெள்ளைக் கோட்டுகளில். முன்வரிசையில் அந்தக் காலி நாற்காலியும் தம்ளரும். குழு வாசிக்க வாசிக்க, அப்பாவின் கால் மேசைக்கடியில் தாளம் போட்டது. கண்டுபிடிக்கப்பட்டதும் நின்றது. அக்காவும் மாப்பிள்ளையும் நடுவில் ஆடினார்கள்.

டிரம்பெட்காரர் தலையசைத்தார். மெட்டு தொடங்கியது.

மாப்பிள்ளை முதலில் புன்னகைத்தார். பிறகு அந்தப் புன்னகையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கால்கள் ஆடின, முகம் ஆடவில்லை. கிளாரினெட்டுக்கு விட்ட இடம் வந்தது. பித்தளை வாத்தியங்கள் அனைத்தும் ஒருசேர ஓய்ந்தன. பாஸ்... தும்... தும்... டிரம்ஸின் தோல்மேல் கம்பித் தூரிகை. சர்ர்... சர்ர்... ஈரச் சாலையில் மழை விழுவதுபோல.

ஆற்றுச் சேற்றின் வாசனை வந்தது. தோழி கதவுப் பக்கம் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது.

அப்போது சீட்டி கேட்டது.

கிளாரினெட்டன்று. சீட்டி. பலவீனமானது, ஈரமானது. மேடையில் ஒருவர் உதடும் குவியவில்லை. மாப்பிள்ளையின் உதடுகளோ இறுக மூடியிருந்தன. அப்பாவிடம் பின்னர் கேட்டபோது, தமக்குத் தாளம் மட்டுமே கேட்டது என்றார். தோழிக்குக் கேட்டது. அக்காவுக்குக் கேட்டது. சீட்டி ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறுகையில்... மூச்சு உள்ளே இழுபட்டது. நின்றது.

எவரும் அவரை விசாரிக்கவில்லை. மாப்பிள்ளையே சொன்னார், மருந்தின் அளவைச் சொல்வதுபோல, நிதானமாக.

“அதோட நிறுத்திட்டான். அப்புறம் சத்தமே இல்ல. உயிர் போயிடுச்சுன்னுதான் நான் கிளம்பினேன்.”

மிச்சத்தையும் சொல்லிவிட்டார். இவருடைய கார் மோதி விழுந்த கிளாரினெட்காரருக்குக் கத்தக் குரல் வரவில்லை. யாராவது வருவார்களென்று சீட்டி அடித்திருக்கிறார். இவர் இறங்கவில்லை. கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மெட்டு அவரை விட்டுப் போகவேயில்லை. ஒருநாள்... அதை அக்காவுக்குக் கொடுத்துவிட்டார்.

அக்கா அவர் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

“எனக்காகப் போட்டதுன்னு சொன்னீங்களே.”

வேறெதுவும் அவள் அவரிடம் கேட்கவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனவர் அப்பா.

மண்டபம் காலியான பிறகு, வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த டிரம்பெட்காரர் முன்னால் அக்கா போய் நின்றாள். அவர் தலை நிமிரவில்லை. அது கிளாரினெட்காரர் நடக்கும்போது மட்டும் அடிக்கும் மெட்டு. மேடையில் ஒருபோதும் வாசித்ததில்லை. தமக்கு அன்றே சந்தேகம் வந்தது என்றார்.

“சொல்லியிருந்தா நம்பியிருப்பியாம்மா?”

“நம்பியிருக்க மாட்டேன். ஆனா நீங்க சொல்லியிருக்கணும். என் கல்யாணத்த வச்சா சோதிச்சுப் பாப்பாங்க?”

 அவர் தம்ளரைத் துடைக்க எடுத்தார். அதில் நீர் இல்லை. நாணல் சீவலின் நுனியில் பல் பதிந்திருந்தது.

சில நாள் கழித்து, அதே சமையலறையில், அக்கா அந்தப் பதிவை அழிக்க எடுத்தாள். அழிக்குமுன் ஒருமுறை கேட்டாள். தோழி பக்கத்தில் நின்றாள். சீட்டி ஏறியது. இறங்கியது. மூச்சு. நின்றது. “அப்புறம்?” என்றது பதிவிலிருந்த அக்காவின் குரல், மகிழ்ச்சியாக.

“அவ்வளவுதான்” என்ற பதில் வரவில்லை.

மழை கேட்டது. கார்க் கதவு சாத்தும் ஓசை. இயந்திரம் உறுமியது. ஈரச் சரளையில் சக்கரங்கள்... தொலைவாகி, தொலைவாகி, ஓய்ந்தன. பிறகு மழை மட்டும். அக்கா நிறுத்துவதற்குக் கையை நீட்டினாள்.

நின்ற இடத்திலிருந்து, சீட்டி மறுபடி தொடங்கியது.

அது மெட்டின் மறுபாதி. முதற்பாதியைவிட அது மிக, மிக நீளமானது என்றாள் தோழி.