கேமராவைத் தெக்கே திருப்பினது யாரு

அந்த நாற்காலியிலேயே உட்காருங்க மேடம், தலைவர் நாற்காலின்னா முள்ளா குத்தப் போகுது? என் தலை சீலிங்குக்குள்ள இருக்கு, மூஞ்சி தெரியாது. குரல் கேக்குதுல்ல, அது போதும். ஏசி பத்து நிமிஷத்துல ஓடிடும். விசாரணைக்கு வந்தவங்களைப் போட்டு வேக வைக்கலாமா.

என்ன எழுதுறீங்க, அந்தப் பொண்ணைப் பத்தியா? கன்ட்ரோல் ரூமுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆச்சு, பாவம். வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களோ? ம்.

வியாழன்னு பெரிய கிரகம், அதைச் சுத்தி நம்ம விண்கலம் ஓடுது. கிரகத்துக்கு உச்சந்தலையில ஒண்ணு, பாதத்துல ஒண்ணுன்னு வெளிச்ச வளையம் எரியுதாம். கேஸ் அடுப்பு பத்த வச்ச மாதிரி. அஞ்சாவது படிச்சவனுக்கு அடுப்புதாங்க புரியும். அதைப் படம் எடுக்கிறதுதான் இவங்க பொழப்பு.

அன்னைக்கு வடக்கு வளையத்தை எடுக்கணும். இந்தப் பொண்ணு கேமராவைத் தெக்கே திருப்பச் சொல்லி உத்தரவு அனுப்பிடுச்சு. போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும், ஆனா போனது போனதுதான். ஓடிப்போய்த் தொத்திக்க அது என்ன டவுன் பஸ்ஸா? அடுத்த சுத்து ரெண்டு மாசம் கழிச்சுதான்.

தலைவர்தான் இன்டர்காம்ல சொன்னார், நானும் திருப்பிச் சொல்லிக் காட்டினேன், ம்னு சொன்னார்ங்குது அது. நான் சாப்பிடப் போயிருந்தேங்கிறார் அவர். ரெண்டு பேரும் பொய் சொல்லலைங்க. எப்படியா? இருங்க, ஸ்குரூ ஒண்ணு மாட்டிக்கிறேன்.

தலைவரைக் காலையில பார்த்தீங்கல்ல? மூணு தடவை செருமுவார், எதையும் ரெண்டு தடவை சொல்லுவார். ம்க்கும், ம்க்கும், ம்க்கும். யாரும்மா என் நாற்காலியில உட்கார்ந்திருக்கிறது? யாருங்கிறேன்.

அட, எதுக்கு எழுந்திரிச்சீங்க? நாற்காலி இழுபட்டுச்சே. கதவைப் பார்க்காதீங்க மேடம், அவர் வரல, நான்தான்.

விசாரிக்க வந்த உங்களுக்கே கால் தானா எழுந்திரிக்குது, ஒரு வாரம் ஆன பொண்ணு என்ன பண்ணும்? பழைய ஆளுங்கன்னா, போடா வேலையைப் பாருன்னு சிரிச்சிட்டு வச்சிடுவாங்க. இது புதுசுன்னு எனக்குத் தோணவே இல்ல. அன்னைக்கும் இதே ரூம், இதே ஏசி, அந்த மேசை மேல இருக்குற இன்டர்காம்தான்.

அந்தப் பொண்ணு பேரை அடிச்சிட்டு ஏசி மெக்கானிக்னு எழுதிக்குங்க. எழுதிட்டு, இந்த ஏணியைக் கொஞ்சம் பிடிங்க மேடம், இறங்கி வரேன்.