மறுபக்கத்துப் பாடல்கள்

கழுவிய தரையில் வெறுங்காலோடு நிற்பது எனக்குச் சிறுவயது முதலே பிடிக்கும். இராயபுரத்தின் ஆவணி வெயிலிலும் ஈரச் சிமெண்டு சற்று நேரம் குளிர்ந்திருக்கும். அந்தச் சுகத்தை மற்றவர்களுக்கும் அளிப்பதில் தவறு இருப்பதாக நான் கருதியதில்லை.

ஆய்வாளர் அவர்களே, எல்சியின் மரணம் குறித்த தங்கள் அறிக்கையைப் படித்தேன். அவளுடைய அண்ணன் கஸ்பாரின் கவனக்குறைவே காரணம் என்கிறது அது. அந்தச் சொல் அங்கே பொருந்தாது. நடந்ததில் கவனக்குறைவு எதுவும் இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்ற ஞானதுரையாகிய நான், அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

கஸ்பார் துறைமுகப் பணிமனையில் மின்பணியாளன். கழித்துப்போட்ட வானொலிப் பெட்டிகளின் உறுப்புகளைக் கொண்டு ஒரு மின் ஆர்கனையும், ஆள் தொடாமல் தானே தட்டும் தாளப்பெட்டி ஒன்றையும் செய்தான். எல்சி பாடினாள். இரண்டே பேர் ஒரு முழுக் கச்சேரியை நடத்துவதைக் காணத் தண்டையார்பேட்டையிலிருந்தெல்லாம் மக்கள் வந்தார்கள். 1975 முதல் ஒரு சிறிய நிறுவனம் அவர்களுடைய நான்கு இசைத்தட்டுகளை வெளியிட்டது. பக்கத்துக்கு ஒரு பாட்டு. முதற்பக்கப் பாடல்கள் நான்கும் நான் எழுதியவை. மரபு வழுவாத விருத்தங்கள். மறுபக்கத்தில் அவர்களே ஏதோ கட்டிப் பாடிக்கொள்வார்கள். இடத்தை நிரப்ப வேண்டுமல்லவா என்று நானும் பொறுத்துக்கொண்டேன்.

"கப்பலு ஊதிச்சு, காப்பி ஆறிச்சு, இன்னும் வர்ல நைனா" என்று ஒரு மறுபக்கப் பாட்டு தொடங்கும். அவர்களுடைய தகப்பனார் துறைமுகத்தில் பாரம் சரிந்து இறந்தவர். துயரம் உண்மையானதுதான். துயரம் உண்மையாக இருந்துவிட்டால் அதை எப்படியும் சொல்லிவிடலாமா என்பதே என் கேள்வி.

எனக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை. பழைய மாணவர்கள் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார்கள். நான் இருந்தேன் என்று எனக்குப் பின் சொல்வதற்கு அந்த நான்கு பாடல்களே உண்டு. இதைத் தாங்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இவ்வாண்டு ஜூலையில் நிறுவனத்தின் முடிவு தெரியவந்தது. நான்கு தட்டுகளின் மறுபக்கப் பாடல்களையும், அவற்றோடு பதிவுசெய்து வெளியிடாமல் வைத்திருந்த அவர்களுடைய வேறு நான்கையும் சேர்த்து ஒரே பெரிய இசைத்தட்டாகக் கொண்டுவருகிறார்கள். பழைய தட்டுகளை இனி அச்சிடமாட்டார்கள்.

பாரிமுனையில் இருந்த அலுவலகத்துக்கு மூன்று முறை பேருந்தில் சென்றேன். மூன்றாம் முறை மேலாளரின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாட்டையாவது சேருங்கள் என்று கெஞ்சினேன். அவர் இழுப்பறையிலிருந்து ஒரு தட்டை எடுத்தார்; கீறல் விழுந்துவிட்டது, மாற்றித் தாருங்கள் என்று ஒரு தேநீர்க்கடைக்காரர் கொடுத்துவிட்டுப் போனதாம்.

"ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க சார்" என்றார்.

என் பக்கம் வாங்கிய அன்றைய பளபளப்போடு கறுத்திருந்தது. மறுபக்கம் முள் உழுது உழுது வெளுத்துப்போயிருந்தது.

அன்று மாலை எல்சி ஒரு தூக்கில் மீன்குழம்பு கொண்டுவந்தாள்.

"மூஞ்ச ஏன் வாத்தியாரே இப்டி வச்சிகினு கீறீங்கோ? அட்டையில உங்க பேரையும் போடணும்னு அண்ணன் சண்ட போட்டுட்டு வந்துகீது. ஒத்துகினாங்கோ."

"எந்தப் பாட்டுக்கு?"

"பாட்டு இன்னாத்துக்கு? சும்மா, நன்றின்னு போடுவாங்கோ."

எனக்கு இடமில்லாத தட்டின் அட்டையில் என் பெயர். குழம்பை உண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

கடற்காற்றில் கஸ்பாரின் கருவிகள் உப்புப் பூத்து, மின்கசிவு கண்டிருந்தன. எத்தனை முறை பிரித்துக் கட்டியும் அது நிற்கவில்லை. ஆகவே இருவரும் ரப்பர்ச் செருப்பு அணிந்தே மேடையேறுவார்கள். நான் ஒருமுறை அதைக் கண்டித்தேன்.

"செருப்ப கயட்னா மைக்கு கடிக்கும் வாத்தியாரே" என்று கஸ்பார் சிரித்தான். "ஈரத்துல நின்னா முழுங்கிடும்."

தெளிவான விளக்கம். நான் மறக்கவில்லை.

எங்கள் தெருமுனையில் மாதா சிலை வைத்த சிறு குகைவடிவக் கெபி ஒன்று உண்டு. அதன் முன்னுள்ள சிமெண்டு முற்றத்தில் எவரும் செருப்போடு ஏறுவதில்லை. மீன்கூடையோடு ஓடுகிறவர்கள்கூடக் கழற்றிவிட்டுத்தான் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அதனாலேயே செப்டம்பர் எட்டாம் நாள் திருவிழாக் கச்சேரியை இருவரும் ஆண்டுதோறும் தள்ளி, எதிர்மணலில் நடத்திவந்தார்கள். இவ்வாண்டு நான் திருவிழாக் குழுவில் பேசினேன். பிள்ளைகள் மாதாவின் முன்பாகவே பாடட்டும் என்றேன். அனைவரும் மகிழ்ந்தார்கள். கஸ்பார் மட்டும் தயங்கினான். முற்றத்தின்மேல் பலகையும் ரப்பர் விரிப்பும் போட்டுக்கொள்வதாகச் சொன்னான். போட்டுக்கொள் என்றேன்.

ஏழாம் நாள் பிற்பகல் ஒத்திகை. பலகையையும் விரிப்பையும் நானே அப்புறப்படுத்திவிட்டுத் தரையைக் கழுவினேன். பன்னிரண்டு குடம் தண்ணீர். கஸ்பார் மின்கம்பியை இணைக்க எதிர்வீட்டு மாடிக்குப் போயிருந்தான். "கரண்டு குட்த்துட்டேன்" என்று மேலிருந்து அவன் குரல் வந்தது. எல்சி முற்றத்தின் ஓரத்தில் நின்றாள்.

"பலக எங்க வாத்தியாரே?"

"தரை காய்ந்ததும் போடலாம். ஒலி வருகிறதா என்று மட்டும் பார்."

"செருப்போட ஏறட்டா?"

"மாதாவின் முன்பா?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். செருப்பை ஒழுங்காக ஓரத்தில் விட்டாள். "ஒரு தபா தானே. கடிச்சா அண்ணன ஒதைக்கிறேன்" என்று சிரித்து, சிலுவை போட்டுக்கொண்டு ஏறினாள். தரை குளிர்ச்சியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஜில்லுன்னு கீது வாத்தியாரே."

பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தாள். பாட்டின் முதற்சொல் வரவில்லை. கை அதை விடவும் இல்லை. மாடியிலிருந்து அவளை உடனே பார்க்க இயலாது என்பதை முந்தின நாளே ஏறிப் பார்த்திருந்தேன்.

"என் பொட்டிதான் கொன்னுட்ச்சு" என்று கஸ்பார் காண்கிறவரிடமெல்லாம் சொல்கிறான். அது அவன் பாசம், உண்மையன்று. அவனைத் தாங்கள் விட்டுவிட வேண்டும்.

எல்சியை நான் வெறுத்ததில்லை. பாடியவள் இல்லையென்றால் அந்தத் தட்டு நின்றுவிடும் என்று எண்ணினேன். நிற்கவில்லை, அடுத்த மாதம் வெளியாகிறது. அட்டை அச்சாகிவிட்டது. நன்றி என்ற சொல்லுக்குக் கீழே என் பெயர் இருக்கிறது. தங்கச்சி ஆசைப்பட்டது என்று கஸ்பார் அதை நீக்க விடவில்லையாம்.

ஒரு வேண்டுகோள். எல்சிக்கு நான் எழுதிய இரங்கற்பா ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன். தாங்கள் அதை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். முதற்பக்கத்தில் முதற்பாட்டாகச் சேர்க்க இன்னும் காலம் இருக்கலாம். நான் எழுதியவற்றுள் அதுவே சிறந்தது, அவசரத்தில் எழுதியதன்று. அதன் அடியில் செப்டம்பர் ஐந்து என்று தேதி இட்டிருக்கிறேன். அவள் இறந்தது ஏழாம் நாள் என்பதை நான் அறிவேன். தேதி பிழையன்று. திருத்த வேண்டாம்.