நிஜமாவே இருக்கா?

இந்த இடத்துல ஒரு சின்ன சம்பவத்தைச் சொல்லிட்டு மேல போறேன்... கொஞ்சம் கேளுங்க.

ஒரு ஆஸ்பத்திரி. அங்க கம்ப்யூட்டர் பார்க்கிறவர் முபாரக். தினம் சாயங்காலம் ஸ்கேன் படங்களை இன்னொரு மெஷினுக்கு காப்பி எடுத்துட்டு, இங்க இருக்கிறதை அழிக்கணும். அதைத் தானாச் செய்ய ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி புரோகிராம் எழுதினார். அழிக்கிறதுக்கு முன்னாடி அது ஒரு கேள்வி கேக்கும். "இந்த நோயாளி நம்பர்ல பேர் ஆரம்பிக்கிற ஃபைல் அங்க இருக்கா?"

கூட வேலை பார்த்த ஹில்டா அதைப் படிச்சுப் பார்த்தாங்க. "தம்பி, அங்க ஒரு ஃபைலும் இல்லேன்னா, 'இல்லை'ன்னு சொல்லாம நீ கேட்ட பேரையே கம்ப்யூட்டர் திருப்பிச் சொல்லும். ஃபைல் இருக்குன்னு நெனச்சு உன் ஸ்கிரிப்ட் இங்க இருக்கிறதை அழிச்சிடும்."

"காப்பி ஆகாம எப்படிக்கா போகும்?"

"போகாதுப்பா... ஒருநாள் ஆகாமப் போனா?"

அவங்களே உட்கார்ந்து நாலு வரி சேர்த்தாங்க. அந்தப் பேர்ல நிஜமாவே ஃபைல் இருக்கான்னு பாரு, இல்லேன்னா நிறுத்துன்னு. அப்புறம் வேற ஊர்ல வேலை கெடச்சுப் போயிட்டாங்க.

ஒருநாள் காலையில முபாரக் வந்து ஸ்க்ரீனைப் பார்க்கிறார். 'அங்கே ஒரு ஃபைலும் இல்லை. எதையும் அழிக்கவில்லை.' ஓடிப்போய்ப் பார்த்தார்! முந்தின நாள் ஒயர் கழண்டு, ஒரு படம்கூட அந்தப் பக்கம் போகலை.

அதே நேரம் ஆபரேஷன் தியேட்டர்ல யாரு? லாரி டிரைவர் இசக்கிமுத்துவோட சம்சாரம் செண்பகவல்லி. மூளையில கட்டி. டாக்டர் எதைப் பார்த்து கத்தி வைக்கிறார்? முந்தின நாள் எடுத்து, அழியாம நின்ன அந்த ஸ்கேன் படத்தைப் பார்த்து!

மத்தியானம் அந்தம்மா கண் முழிச்சு, "புள்ளைங்க சாப்டுச்சா?"ன்னு கேட்டுச்சு. இசக்கிமுத்து டாக்டர் கையைப் பிடிச்சு அழுதார். தள்ளி நின்னு பார்த்த முபாரக், அங்கேயே போன் போட்டார்.

"ஹில்டாக்கா... நீங்க எழுதின நாலு வரி இன்னைக்கு ஒரு உசுரைக் காப்பாத்திருக்கு."

"எந்த நாலு வரி? எனக்கு ஞாபகமே இல்லையேப்பா..."

விவரம் சொன்னார். ஹில்டா இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாங்க. அப்புறம், "சொன்னியே தம்பி... ரொம்ப சந்தோஷம்."

பார்த்தீங்களா? செஞ்சவங்க மறந்துட்டாங்க. பொழச்சவங்களுக்குத் தெரியவே தெரியாது. நமக்கும் அப்படி எத்தனை பேர்! நாம விழாம இருக்க, முன்கூட்டியே யோசிச்சு வெச்சவங்க... விழுந்தப்போ தூக்கினவங்களுக்கு நன்றி சொல்றோம். விழவே விடாதவங்களுக்கு? ஒருத்தர் முகமாவது இப்போ ஞாபகம் வருதில்ல? வீட்டுக்குப் போனதும் அவங்களுக்கு ஒரு போன் போடுங்க.